பெரிய ரிம் ஏன் அதிகம் குலுக்குகிறது?

இன்றைக்கு நாம் காரைப் பற்றிப் பேசப் போகிறோம். என்ஜின் பேச்சு இல்லை. காருக்கு அடியில் சேறும் தூசியுமாக உருள்கிறதே டயர், அதைப் பற்றித்தான்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு மலைப்பாதை போகிறது. ஏறத்தாழ 64 கிலோமீட்டர். அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டும். சவரிக்காடு தாண்டிப் பெருமாள்மலை வருவதற்குள் ஸ்வெட்டரைத் தேடுவாய். நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலம் முடிந்தால் அங்கங்கே தார் பெயர்ந்து குழிகளும் இருக்கும்.

இந்தப் பாதையில் இரண்டு கார்கள் ஏறுகின்றன என்று வைத்துக்கொள். ஒரே கம்பெனி, ஒரே என்ஜின், ஒரே நிறம். ஒன்றுக்கு 15 அங்குல ரிம், அதாவது டயருக்கு நடுவில் இருக்கும் உலோகச் சக்கரம். இன்னொன்று டாப் மாடல். அதற்குப் பளபளவென்று 17 அங்குல அலாய் வீல். இரண்டும் ஒரே குழியில் இறங்கி ஏறுகின்றன. எந்தக் காரில் இருப்பவர் அதிகம் குலுங்குவார்?

அவசரமில்லை. யோசித்துச் சொல்.

"பெரிய சக்கரம்தானே நல்லது? 15 அங்குலக் கார்தான் அதிகம் குலுங்கும்" என்று சொன்னாயா? நல்ல யோசனை. அதில் பாதி சரி. ஆனால் விடை நேர்மாறானது. 17 அங்குலக் காரில்தான் தூக்கிப்போடும். ஏன் என்பதைக் கண்டுபிடிப்போம். முதலில் உன் பதிலில் இருக்கும் அந்தச் சரியான பாதியைப் பார்த்துவிடலாம்.

பழனி அடிவாரத்துக்குப் போனால் ஆட்டோ நிற்கும், கார் நிற்கும், பஸ் நிற்கும். ஆட்டோவின் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறத்தாழ 40 செ.மீ. உயரம். காருக்கு 60 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பஸ்ஸுக்கு 1 மீட்டர். மூன்றும் ஒரே குழியின் மேல் போகட்டும். குழியின் அகலம் உன் பெரிய ஸ்கேலின் நீளம், 30 செ.மீ. எந்தச் சக்கரம் எவ்வளவு உள்ளே இறங்கும்?

இதற்குச் சாலைக்குப் போக வேண்டாம். காம்பஸை எடு. எல்லாவற்றையும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொள்வோம். 2 செ.மீ., 3 செ.மீ., 5 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டம் போடு. ஒவ்வொரு வட்டத்தின் அடிப்பக்கத்திலும் சரியாக 3 செ.மீ. நீளத்தில் ஒரு நேர்கோடு போடு; அதன் இரு முனையும் வட்டத்தைத் தொட வேண்டும். அந்தக் கோடுதான் குழியின் வாய். கோட்டுக்குக் கீழே வட்டம் எவ்வளவு தொங்குகிறது என்று அள.

சின்ன வட்டத்தில் ஏறத்தாழ 7 மி.மீ. வரும். நடு வட்டத்தில் 4. பெரிய வட்டத்தில் 2. உண்மையான அளவுக்குத் திருப்பினால், ஆட்டோவின் சக்கரம் 7 செ.மீ. இறங்குகிறது. காருடையது 4 செ.மீ. பஸ்ஸுடையது 2 செ.மீ.தான். ஆட்டோவில் போகும்போது தலை கூரையில் இடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பார்த்தாயா, நீ சொன்னது சரிதான். முழுச் சக்கரமும் பெரிதாக இருந்தால் குழி சின்னதாகிவிடும்.

அப்படியானால் பழனியின் குதிரை வண்டியை எடுத்துக்கொள். அதன் சக்கரம் காருடையதைவிட உயரம். அதில்தானே சொகுசு அதிகம் இருக்க வேண்டும்? ஏறிப் பார்த்தவரைக் கேள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார். மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டாலும் கெட்டி ரப்பர் போட்டாலும் அதில் காற்று இல்லை. ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் அந்த அடி அப்படியே உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் போகும்.

சக்கரத்தில் காற்றை அடைக்கலாம் என்று முதலில் நினைத்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அப்போது அவருக்கு வயது 23. காப்புரிமை வாங்கிய ஆண்டு 1845. அதே 1845-இல்தான் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அன்றைக்கு அங்கே ஏற வண்டிப்பாதையே கிடையாது. நடந்தோ குதிரையிலோ டோலியிலோதான் போனார்கள். தாம்சனின் டயரை உலகம் அப்போது கண்டுகொள்ளவில்லை. 43 ஆண்டு கழித்து, 1888-இல், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் மறுபடியும் கண்டுபிடித்த காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு குழந்தையின் சைக்கிள் குலுங்கக் கூடாது என்றுதான் அது வந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

சரி, இப்போது நம் இரண்டு கார்களிடம் திரும்பி வருவோம். டயரின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருக்கும். பார்த்திருக்கிறாயா? அது ரகசிய மொழி இல்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும், படித்துவிடலாம்.

15 அங்குலக் காரில் 185/65 ஆர்15 என்று இருக்கிறது. முதல் எண் 185, டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்த 65, சதவீதம். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் எழுந்து நிற்கிறதே டயரின் பக்கச் சுவர், அதன் உயரம் அகலத்தில் 65 சதவீதம். கடைசி 15, ரிம்மின் விட்டம். அது மட்டும் அங்குலத்தில். ஆர் என்றால் ரேடியல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணக்குப் போடு. 185-இல் 65 சதவீதம் எவ்வளவு? ஏறத்தாழ 120 மி.மீ. சபாஷ்!

17 அங்குலக் காரில் 205/45 ஆர்17 என்று இருக்கிறது. 205-இல் 45 சதவீதம்? 92 மி.மீ.

இப்போது முழுச் சக்கரத்தின் உயரத்தைப் பார்ப்போம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. முதல் சக்கரத்தில் ரிம் 381. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், இரண்டும் சேர்த்து 240. மொத்தம் 621 மி.மீ. இரண்டாவதில் ரிம் 432, சுவர்கள் 184. மொத்தம் 616 மி.மீ. நன்றாகப் பார். முழு உயரம் கிட்டத்தட்ட மாறவே இல்லை! மாற்ற முடியாது, சக்கரத்துக்கு மேலே காரின் உடம்பில் இருக்கும் இடம் அவ்வளவுதான், ஸ்பீடோமீட்டரும் அந்த உயரத்தை நம்பித்தான் வேகம் காட்டுகிறது.

அப்படியானால் ரிம் பெரிதானபோது எது சின்னதானது? சுவர். 120 மி.மீ. இருந்த இடத்தில் 92. காற்றுக்கும் ரப்பருக்கும் இருந்த இடத்தை ரிம்மின் அலுமினியம் எடுத்துக்கொண்டது. நீ காம்பஸில் போட்ட வட்டம் பெரிதாகவே இல்லை, அதனால் குழியும் சின்னதாகவில்லை. மெத்தை மட்டும் மெலிந்துவிட்டது. புரிந்ததா? இதுதான் இன்றைய பாடத்தின் உயிர். இன்னொரு முறை மெதுவாகப் படித்துவிட்டு வா, காத்திருக்கிறேன்.

வந்துவிட்டாயா? மாம்பழக் காலத்தில் நத்தம் பக்கத்திலிருந்து கூடை கூடையாக மாம்பழம் போகும். கூடையின் அடியில் வைக்கோல் போட்டுப் பழத்தை அடுக்குவார்கள். வைக்கோல் தாராளமாக இருந்தால் வண்டி எத்தனை குதித்தாலும் பழம் கன்றாது. கொஞ்சமாகப் போட்டால் சந்தைக்குப் போகும்போது அடியில் இருக்கிற பழமெல்லாம் அடிபட்டிருக்கும். டயரின் சுவர்தான் அந்த வைக்கோல். நீதான் மாம்பழம்!

ஆனால் ஒன்று. வைக்கோலை அளவுக்கு மீறிப் போட்டால் என்ன ஆகும்? பழம் நிலையாக உட்காராது. வண்டி திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். டயரும் அப்படித்தான். கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பும்போது சுவர் பக்கவாட்டில் வளைகிறது. சுவர் உயரமாக இருந்தால் அதிகம் வளையும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் ஒரு கண்சிமிட்டும் நேரம் தாமதம் தெரியும். குட்டைச் சுவர் டயர் சொன்ன உடனே திரும்பும். பந்தயக் கார்களை வேகமாக ஓட்டுகிறவர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களுடைய சாலையில் குழியும் இல்லை.

மலைப்பாதையில் குடும்பத்தோடு போகிற காருக்கு எது நல்லது? என்னைக் கேட்டால் 15 அங்குலம்தான். அந்தப் பாதையில் ஒரு வளைவில் இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த வேகத்தில் அந்தக் கண்சிமிட்டும் நேரம் யாருக்கும் தெரியப்போவதில்லை. குழி மட்டும் எல்லோருக்கும் தெரியும். குட்டைச் சுவர் டயர் கூர்மையான குழியில் வேகமாக இறங்கினால் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கும். ரிம் நெளியலாம், சுவர் புடைத்துக்கொள்ளலாம். மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது வளைவில் நின்று ஸ்டெப்னி மாட்டுவது அப்பாவுக்கு எவ்வளவு கஷ்டம், யோசித்துப் பார்.

பெரிய ரிம்முக்கு எடையும் பெரும்பாலும் கூடும். இந்த எடைக்கு ஒரு விசேஷம் உண்டு. காரின் உடம்பு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. சக்கரம் கல்லில் மோதி மேலே எகிறும்போது அதை அடக்கிக் கீழே தள்ளுவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான். சக்கரம் கனமாக இருந்தால் அதை அடக்குவது அவற்றுக்குச் சிரமம். அடக்க முடியாத அதிர்வு உன் சீட்டுக்கு வந்துவிடுகிறது.

இப்போது அந்த ரேடியல் கதை. டயர் வெறும் ரப்பர் இல்லை. உள்ளே நூல்கள் உண்டு. நம் ஊர் டயர் கடையில் நைலான் டயர் என்று சொல்லும் பழைய வகையில் அந்த நூல்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடும். அதனால் சுவர் வளைந்தால் தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து கோணும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகின்றன. தரையைத் தொடும் இடத்துக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கிறது. அதனால் சுவர் மென்மையாக வளைகிறது, அடிப்பகுதி தட்டையாகவே நிற்கிறது. பிரான்சின் மிஷ்லின் கம்பெனி இதற்குக் காப்புரிமை வாங்கியது 1946-இல். அதே ஆண்டில் சென்னை திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்தார். ஆமாம், திருவிழாவில் ஊதுகிற பலூன்தான்! அந்தக் கொட்டகைதான் வளர்ந்து வளர்ந்து இன்றைக்கு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக நிற்கிறது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்பதன் சுருக்கம் அது.

ஒரே அளவு டயரிலும் வித்தியாசம் உண்டு. பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு வரும் பிக்கப் வண்டிகளைக் கவனி. மூட்டை தாங்க வேண்டும் என்பதால் அந்த டயரின் சுவர் கெட்டி. காற்றும் காரைவிட மிகவும் கூடுதல். மூட்டையோடு இறங்கும்போது வண்டி அமைதியாகப் போகும். காலியாகத் திரும்பி ஏறும்போது ஒவ்வொரு கல்லுக்கும் குதிக்கும். அந்த டயருக்குப் பாரம் இருந்தால்தான் வளையத் தெரியும். சேற்றுக்காகப் பெரிய பெரிய கட்டைகளாக வெட்டிய டயரைப் போட்ட ஜீப் காட்டுப் பாதையில் பிரமாதமாக ஏறும், தார்ச்சாலையில் ஊளையிடும்.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோமா? இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காற்று.

கொடைக்கானலுக்கு ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பாய். காது அடைப்பதும் தெரிந்திருக்கும். மேலே போகப் போக நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் குறைகிறது. பாக்கெட்டின் உள்ளே அடைபட்ட காற்று அப்படியே இருக்கிறது. வெளியே தள்ளுகிற கை தளர்ந்துவிட்டதால் பாக்கெட் வீங்குகிறது. பழனி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். அடிவாரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ. (பெட்ரோல் பங்கில் டயர் காற்றை அளக்கும் அலகு). மேலே அது 11 அல்லது 11.5 ஆகிவிடுகிறது.

அப்படியானால் டயர்? அதுவும் மூடிய பாக்கெட்தான். உள்ளே இருக்கும் நூல்கள் இழுத்துப் பிடிப்பதால் வீங்காது. ஆனால் பெட்ரோல் பங்கில் காற்று பார்க்கும் மீட்டர் எதைக் காட்டுகிறது தெரியுமா? உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. வெளியே 3 குறைந்தால் மீட்டரில் ஏறத்தாழ 3 கூடித் தெரிய வேண்டும். 33 வைத்துக் கிளம்பினால் மேலே 36 காட்ட வேண்டும். டயர் இறுகும், குலுக்கல் கூடும். சரிதானே?

பொறு! ஒன்றை மறந்துவிட்டோம். ஸ்வெட்டர்! அடிவாரத்தில் 35 டிகிரி வெயில். மேலே சாயங்காலம் 15 டிகிரி. காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். 20 டிகிரி குளிர்ந்தால் கார் டயரில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டால் அதுவும் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ.! உயரம் 3 கூட்டுகிறது, குளிர் 3 குறைக்கிறது. வண்டியை நிறுத்தி டயர் நன்றாக ஆறிய பிறகு பார்த்தால் மீட்டர் மறுபடியும் 33-க்குப் பக்கத்திலேயே நிற்கும். மலையே உனக்காகக் கணக்கைச் சரிசெய்து கொடுக்கிறது. எவ்வளவு அழகு, பார்!

ஆறிய பிறகு என்று சொன்னேனே, அது முக்கியம். ஓடும்போது டயர் வளைந்து வளைந்து சூடாகும். சூட்டில் மீட்டர் சில புள்ளி கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் டயர் தொய்ந்துபோகும். தொய்ந்த டயர் மெத்தென்று இருக்கும்தான். ஆனால் சுவர் அதிகமாக வளைந்து இன்னும் சூடாகும், ஓரங்கள் தேயும், வளைவில் தள்ளாடும். சொகுசுக்காகக் காற்றைக் குறைப்பது ஆபத்து. காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பார்ப்பதுதான் சரியான நேரம்.

நீ மனதில் இன்னொரு கேள்வி வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும். "நல்ல டயர் போட்டால் மலையில் வாந்தி வராதா?" வரும், கண்ணு. காரில் பல வகை ஆட்டம் உண்டு. கல்லிலும் குழியிலும் சக்கரம் விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை அதிரும். அதைத் தின்பதில் டயருக்கும் பங்கு உண்டு. காரின் உடம்பு விநாடிக்கு ஒரு முறையோ கொஞ்சம் கூடுதலாகவோ மேலும் கீழும் போகும். அது ஸ்பிரிங்கின் வேலை. வளைவுக்கு வளைவு இடமும் வலமுமாகச் சாய்கிறோமே, அது சில விநாடிக்கு ஒரு முறை வருகிற மெதுவான ஆட்டம். வயிற்றைப் புரட்டுவது அதுதான். அதற்கு எந்த டயராலும் மருந்து கொடுக்க முடியாது. புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் வழியே தூரத்து மலையைப் பார். ஓட்டுபவரிடம் மெதுவாகத் திரும்பச் சொல். பாட்டி கொடுக்கிற எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொள்.

கடைசியாக ஒரு சோதனை. பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள். உன் சைக்கிளின் பின் டயரில் காற்றை நன்றாக அடி. டயரின் அடியைத் தண்ணீரில் நனைத்து, ஒரு பழைய செய்தித்தாளின் மேல் நிறுத்தி, நீ ஏறி உட்கார். துணைக்கு இருப்பவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். இறங்கிப் பார்த்தால் தாளில் ஒரு ஈரத் தடம் இருக்கும். பென்சிலால் அதன் ஓரத்தை வரை. பிறகு கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு அதையே செய். தடம் பெரிதாகியிருக்கும். உன் எடை மாறவில்லை; அழுத்தம் குறைந்ததால் அதைத் தாங்க அதிக இடம் வேண்டியிருக்கிறது. 1,000 கிலோ காரில் ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. 33 பி.எஸ்.ஐ. காற்றில் அந்த 250 கிலோவும் தரையில் நிற்கிற இடம் ஏறத்தாழ 110 சதுர செ.மீ. அப்பாவின் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கையின் மேல்தான் உங்கள் வீடே கொடைக்கானலுக்கு ஏறுகிறது.

அடுத்த முறை வண்டி கிளம்பும்போது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவின் ஓரத்தைப் பார். பெரும்பாலான கார்களில் அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயரின் அளவும், எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு காற்று என்பதும் அதில் இருக்கும். டயரில் இருக்கும் எண் அதோடு பொருந்துகிறதா என்று படித்து அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல். சுவரின் உயரத்தையும் நீயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடு.